‘உராய்வு’ என்று எழுதிக் கோப்பை மூடாதீர்கள்

விருதுநகர் மாவட்டத்தில் ஒரு பட்டாசு ஆலை வெடித்தால் மறுநாள் செய்தி எப்படி இருக்கும் என்பது இந்த மாநிலத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். மருந்துக் கலவையின்போது உராய்வு ஏற்பட்டது, அறைகள் தரைமட்டமாயின, இத்தனை பேர் உடல் கருகிப் பலி, முதல்வர் இரங்கல், நிவாரண நிதி, போர்மேன் கைது, உரிமையாளருக்கு வலைவீச்சு. மூன்றாம் நாள் செய்தி உள்பக்கத்துக்குப் போகும். ஒரு வாரத்தில் அதுவும் நின்றுவிடும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர் இறந்தபோது இதுதான் நடந்தது. 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தபோதும் இதுதான். 2025 ஜூலை 1 அன்று சின்னகாமன்பட்டியிலும் இதுவேதான்.

விசாரணை நடக்கவில்லை என்று நாம் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் நடக்கிறது. அதிகாரிகள் வருகிறார்கள், அளக்கிறார்கள், மாதிரி எடுக்கிறார்கள், வாக்குமூலம் வாங்குகிறார்கள், அறிக்கை எழுதி மேலே அனுப்புகிறார்கள். பத்து கிலோமீட்டர் தள்ளி அதே ரகத்தை, அதே மருந்தை வைத்து, அதே மாதிரி அறையில் செய்துகொண்டிருக்கும் இன்னோர் ஆலையின் போர்மேன் கைக்கு அந்த அறிக்கை போய்ச் சேருவதில்லை. அங்கே என்ன நடந்தது என்பதை அவர் டீக்கடைப் பேச்சிலும் வாட்ஸ்அப் வீடியோவிலும் தெரிந்துகொள்கிறார். இறந்தவர்களின் உயிரை விலையாகக் கொடுத்து வாங்கிய தகவலை, உயிரோடிருப்பவர்களுக்குத் தராமல் அலமாரியில் பூட்டி வைப்பதை இந்த மாநில அரசும் மத்திய அரசும் நிர்வாக நடைமுறை என்று அழைத்துக்கொள்கின்றன. இது நடைமுறை அல்ல, கடமை தவறுதல். வன்மையாகக் கண்டிக்கிறோம்.

உராய்வு என்பது ஒரு காரணமே அல்ல. வெடித்தது என்பதை வேறு விதமாகச் சொல்வது, அவ்வளவுதான். எதோடு எது உராய்ந்தது? கலவையில் அலுமினியப் பொடி எவ்வளவு, அது எந்த அளவுக்கு நைசாக அரைத்த பொடி? கலந்து எத்தனை மணி நேரம் ஆகியிருந்தது, முந்தைய நாள் மீந்த மருந்தா? சல்லடை என்ன உலோகம்? அன்று காலை காற்றில் ஈரப்பதம் எவ்வளவு? தரையில் ரப்பர் விரிப்பு இருந்ததா, கிழிந்துபோயிருந்ததா? உடம்பில் ஏறும் நிலைமின்சாரத்தை இறக்க ஏற்பாடு இருந்ததா? அந்தப் பெண்கள் கட்டியிருந்தது பருத்திச் சேலையா, நைலான் கலந்ததா? நால்வர் இருக்க வேண்டிய அறையில் எத்தனை பேர் இருந்தார்கள், மீதிப் பேர் மரத்தடியிலா உட்கார்ந்திருந்தார்கள்? முதல் அறை வெடித்ததற்கும் அடுத்த அறை வெடித்ததற்கும் இடையே எத்தனை வினாடி? முதலிப்பட்டியில் இறந்தவர்களில் பலர் ஆலைத் தொழிலாளர்களே அல்லர், சத்தம் கேட்டு உதவிக்கும் வேடிக்கை பார்க்கவும் ஓடி வந்தவர்கள். அப்படியானால் எத்தனை மீட்டர் தொலைவில் கூட்டத்தை நிறுத்தியிருக்க வேண்டும்? இந்தக் கேள்விகளில் ஒன்றுக்கு உறுதியான பதில் கிடைத்தால்கூட மாவட்டம் முழுவதிலும் நாளைக் காலையே ஒரு வேலைமுறையை மாற்றலாம். ‘உராய்வு’ என்ற பதிலை வைத்துக்கொண்டு எவரும் எதையும் மாற்ற முடியாது. எச்சரிக்கையாக இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

அச்சங்குளம் மட்டும் கொஞ்சம் விலக்கு. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அந்த விபத்தைத் தானாகவே கையிலெடுத்து, ஓய்வு பெற்ற நீதிபதி கே.கண்ணன் தலைமையில் குழு அமைத்தது. உள்குத்தகை, அனுமதிக்கு மேல் ஆட்கள் என்று உள்ளூரில் எல்லோருக்கும் தெரிந்திருந்த சங்கதிகள் ஆவணமாகப் பதிவாயின. ஒரு சுற்றுச்சூழல் தீர்ப்பாயம் வந்து செய்ய வேண்டியிருந்தது என்பதே, இந்த வேலைக்கென்று இருக்கும் துறைகளுக்கு வெட்கக்கேடு.

அந்தத் துறைகள்தாம் எத்தனை! சிவகாசி வட்டாரத்தில் நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், டி.ஆர்.ஓ. லைசென்ஸ் என்று மூன்று வகை சொல்வார்கள். முதல் இரண்டும் மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவின் கையில். மூன்றாவது மாவட்ட வருவாய் அலுவலர் கையில். தொழிலாளர் பாதுகாப்பு மாநில அரசின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்திடம். முதல் தகவல் அறிக்கை காவல் நிலையத்தில், பிரேதப் பரிசோதனை அரசு மருத்துவமனையில், தீயை அணைத்த விவரம் தீயணைப்புத் துறையில், உதவித்தொகைக் கணக்கு இ.எஸ்.ஐ.யில். ஒரே விபத்தின் உண்மை ஏழு மேசைகளில் ஏழு துண்டாகக் கிடக்கிறது. அவற்றைச் சேர்த்து ஒரு முழு வரலாறாக எழுதி வெளியிடுவது எவருடைய வேலையும் இல்லை.

இது பட்டாசு ஆலைகளோடு நிற்பதில்லை. மற்ற ஆலைகளில் பாதுகாப்பு அலுவலர் என்ற பதவியில் இருப்பவரின் நிலையைக் கொஞ்சம் பாருங்கள். சென்னை தரமணியில் உள்ள மண்டலத் தொழிலாளர் நிறுவனத்தில் தொழிலகப் பாதுகாப்புப் பட்டயம் முடித்துவிட்டு ஒரு பிரஸ் ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பவர் பிரஸ்ஸில் இரண்டு கைகளாலும் அழுத்தினால்தான் இறங்கும் பொத்தான் இருக்கிறது. ஆனால் எண்ணிக்கை ஏற வேண்டும் என்பதற்காக ஒரு பொத்தானில் குச்சியைச் சொருகி டேப் ஒட்டியிருக்கிறார்கள். கை உள்ளே போனால் இயந்திரத்தை நிறுத்திவிடும் ஒளித்திரை பொருத்த வேண்டும் என்று இவர் குறிப்பு எழுதுகிறார். மேலாளர் கேட்கிறார்: “இதைப் போட்டா எவ்வளவு விபத்து குறையும்? நம்ம மாதிரி யூனிட்ல எங்க குறைஞ்சிருக்கு, காட்டுங்க சார்.” நியாயமான கேள்வி. முதலீடு கேட்பவர் ஆதாரம் காட்டத்தான் வேண்டும். அம்பத்தூரிலும் கோவையிலும் ஓசூரிலும் கடந்த ஆண்டு எத்தனை பேர் பிரஸ்ஸில் விரல் இழந்தார்கள், எந்த வகை இயந்திரம், எந்த ஷிப்ட், எத்தனையாவது மணி நேரம், வேலைக்குச் சேர்ந்து எத்தனை நாள், தடுப்பு இருந்ததா கழற்றப்பட்டிருந்ததா என்ற கணக்கு இருந்தால் அரை மணி நேரத்தில் பேசி முடிக்கலாம். அந்தக் கணக்கு எங்கும் பொதுவில் இல்லை. வெளிநாட்டு ஆய்வைக் காட்டினால், “அது அவங்க ஊரு” என்று பதில் வரும். கோப்பு திரும்பி வரும், குச்சி அங்கேயே இருக்கும்.

இந்தக் கணக்கை எடுக்கவே முடியாது என்பது பொய். ஹரியானாவின் கார் உதிரிபாக ஆலைகளில் விரல் இழந்தவர்களை இ.எஸ்.ஐ. மருத்துவமனை வாசலிலேயே சந்தித்துப் பேசி, எந்தக் கார் நிறுவனத்துக்குப் போகும் பாகத்தைச் செய்யும்போது விரல் போனது என்பதுவரை பதிவுசெய்து, ‘சேஃப் இன் இந்தியா’ என்ற தொண்டு அமைப்பு 2019 முதல் அறிக்கைகளை வெளியிட்டு வருகிறது. ஒரு தொண்டு அமைப்பு நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டு செய்வதை, ஆய்வாளர்களும் அதிகாரமும் உள்ள அரசுத் துறை செய்ய மறுக்கிறது.

உள்ளூர்ச் சான்று இல்லாத இடத்தில் எது வந்து உட்கார்ந்துகொள்கிறது? பழைய கட்டுக்கதை. பாதுகாப்பு வாரம் என்று மார்ச் மாதம் ஆலைகளில் நடக்கும் பயிற்சி வகுப்புக்குப் போய்ப் பாருங்கள். திரையில் ஒரு முக்கோணம் வரும். ஒரு பெரிய காயத்துக்கு 29 சிறு காயம், 300 காயமில்லாச் சம்பவம் என்பார் பயிற்சியாளர். அடுத்த படத்தில், நூற்றுக்கு 88 விபத்துகள் தொழிலாளியின் தவறான செயலால் வருகின்றன என்பார். இவை 1931-இல் ஹெர்பர்ட் ஹெய்ன்ரிச் என்ற அமெரிக்கக் காப்பீட்டு நிறுவன அலுவலர் ஒரு புத்தகத்தில் எழுதியவை. 88 என்ற எண்ணுக்காக அவர் பார்த்தது 75,000 விபத்துப் பதிவுகளை. பெரும்பகுதி ஆலை நிர்வாகங்கள் எழுதி வைத்திருந்தவை, மீதி காப்பீட்டுக் கோப்புகள். நிர்வாகத்தின் பேனா எழுதிய காரணத்தைக் கூட்டிப் பார்த்தால் குற்றவாளி யாராக வருவார்? அதோடு, அந்த மூலப் பதிவுகள் பிற்காலத்தில் சரிபார்க்க முனைந்தவர்களுக்குக் கிடைக்கவே இல்லை. பாதுகாப்புத் துறை அறிஞர்களே பல ஆண்டுகளாக இந்த எண்களை நம்ப முடியாது என்று எழுதிவிட்டார்கள். நம் ஊர்ப் பயிற்சி வகுப்புகளில் மட்டும் 88 இன்னும் வேத வாக்கு. காரணம் தெரிந்ததே: முதலாளிக்கு இதைவிடச் சௌகரியமான எண் வேறெதுவும் இல்லை.

அந்த எண்தான் விபத்துப் படிவத்திலும் வந்து இறங்குகிறது. காரணம் என்ற கட்டத்தில் ‘தொழிலாளியின் கவனக்குறைவு’. நடவடிக்கை என்ற கட்டத்தில் ‘தக்க அறிவுரை வழங்கப்பட்டது’. அறிவுரை வழங்கப்பட்டவருக்கு அந்த நேரத்தில் கை தையல் போட்டுக் கட்டியிருக்கும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

இன்னொரு ஏமாற்று, நுழைவாயில் பலகை. ‘விபத்தில்லா நாட்கள்: 412’ என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கும் ஆலைகளைப் பலரும் பார்த்திருப்பீர்கள். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின்படி, காயம்பட்டவர் 48 மணி நேரத்துக்கு மேல் வேலைக்கு வர முடியாமல் போனால் விபத்தை அரசுக்கு அறிவிக்க வேண்டியிருந்தது. ஆகவே 47-ஆவது மணி நேரத்தில் கட்டுப் போட்ட கையோடு அவரைக் காரில் அழைத்து வந்து டைம் ஆபீசில் ஒரு நாற்காலியில் உட்கார வைப்பது ஒரு கலையாகவே வளர்ந்திருக்கிறது. பதிவேட்டில் அவர் பணியில் இருக்கிறார், பலகையில் எண் ஏறுகிறது, நிர்வாகத்துக்கு விருதும் கிடைக்கிறது. இந்தப் பலகையைத் தொங்கவிடும் நிர்வாகங்களையும், அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொள்ளும் அதிகாரிகளையும் ஒருசேரக் கண்டிக்கிறோம். இப்படி வடிகட்டிய பிறகும், பதிவு பெற்ற தொழிற்சாலைகளில் மட்டும் 2017 முதல் 2020 வரை ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 1,100 பேர் இறந்ததாக மத்திய அரசின் தொழிற்சாலை ஆலோசனைத் தலைமை இயக்ககத்தின் கணக்கே சொல்கிறது. மாநிலங்கள் அனுப்பியதைக் கூட்டிப் போட்ட கணக்கு அது. பதிவு பெறாத பட்டறையில் செத்தவர் அதில் இல்லை.

நோயின் கணக்கு இதைவிட மோசம். வேலையால் உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 29 லட்சம் பேர் இறக்கிறார்கள் என்றும், அவர்களில் 26 லட்சம் பேர் நோயால் என்றும், விபத்தில் இறப்போர் 3.3 லட்சம்தான் என்றும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2023-இல் மதிப்பிட்டது. பஞ்சுத் தூசியால் வரும் பிஸினோசிஸ், கல் தூசியால் வரும் சிலிகோசிஸ் உள்ளிட்ட நோய்களைக் கண்டறியும் மருத்துவர் அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்பது பல ஆண்டுச் சட்டம். நூற்பாலைக் கார்டிங் பகுதியில் இருபது ஆண்டு நின்ற பெண் மூச்சிரைப்போடு போனால், ‘என்னம்மா வேலை பாக்குற?’ என்று கேட்கும் மருத்துவர் எத்தனை பேர்? ஆஸ்துமா என்று எழுதி மாத்திரை கொடுத்து அனுப்புகிறார்கள். ஆலையில் தூசியை அளக்கக் கருவி வாங்க வேண்டும் என்று கேட்கும் பாதுகாப்பு அலுவலருக்கு, இங்கே யாருக்கும் அந்த நோய் இல்லையே என்று பதில் சொல்ல அந்தச் சீட்டே போதும்.

அறிக்கைகளை ஏன் வெளியிடுவதில்லை என்று கேட்டால் மூன்று சாக்குகள் தயாராக இருக்கின்றன: ரகசியம், நிலுவையில் உள்ள வழக்கு, சட்டத்தில் இடமில்லை.

மூன்றாவதிலிருந்து வருவோம். தொழிற்சாலைகள் சட்டத்தின் 90-ஆம் பிரிவு, விபத்தையோ தொழில்நோயையோ விசாரிக்க மாநில அரசு ஒருவரை நியமிக்கலாம் என்றது. அவர் தரும் அறிக்கையை முழுதாகவோ பகுதியாகவோ அரசு வெளியிடலாம் என்றும் அதே பிரிவு சொன்னது. வெளியிடத் தடை எங்கே இருந்தது? அரசு உசிதமென்று கருதினால் என்று ஒரு சொற்றொடர் இருந்தது. முக்கால் நூற்றாண்டு காலம் எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் உசிதமென்று கருதாததுதான் வழக்கமாக இருந்தது.

வழக்கு கெட்டுவிடும் என்பது அடுத்த சாக்கு. 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்தது. சரியாக ஒரு மாதத்தில் விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவின் முதற்கட்ட அறிக்கை உலகமே படிக்கும்படி வெளியானது. எந்த விசை எந்த வினாடியில் எந்த நிலையில் இருந்தது என்பதுவரை அதில் இருந்தது. அதன் மீது சர்ச்சைகளும் எழுந்தன. எழட்டும், படிக்கக் கிடைத்ததால்தானே எழுந்தன. குற்றம் சாட்டுவது அல்ல, மறுபடி நடக்காமல் தடுப்பதே நோக்கம் என்று அந்தப் புலனாய்வின் விதிகளே சொல்கின்றன. அமெரிக்காவில் ரசாயன ஆலை விபத்துகளை விசாரிக்கும் வாரியம் ஒவ்வொரு அறிக்கையையும் வெளியிடுகிறது, விபத்து எப்படி நடந்தது என்று படமாகவும் எடுத்துக் காட்டுகிறது, எந்தப் பரிந்துரையை எந்த நிறுவனம் ஏற்றது, எது ஏற்கவில்லை என்று பட்டியலும் போடுகிறது. அதன் முடிவுகளை இழப்பீட்டு வழக்கில் சாட்சியமாகப் பயன்படுத்தக் கூடாது என்று சட்டத்திலேயே வரம்பு கட்டியிருக்கிறார்கள். காவல்துறையின் வழக்கு ஒரு பாதை, காரணத்தைக் கண்டறியும் புலனாய்வு வேறு பாதை. இரண்டையும் பிரித்து வைக்கத் தெரியாமலில்லை, மனமில்லை.

ரகசியம் என்ற சாக்குக்கு வெளிநாடு போக வேண்டியதே இல்லை. தன்பாத்தில் இருக்கும் நம்முடைய சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககம் விபத்துக்குப் பின் எச்சரிக்கைச் சுற்றறிக்கைகள் அனுப்புகிறது. நிலக்கரி ஏலத்தின் வணிக ரகசியம் அதனால் எதுவும் கெட்டுப்போகவில்லை. அலுமினியப் பொடியின் கலவை விகிதம் உயிரைவிடப் பெரிய ரகசியமா?

தகவல் நகராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நெய்வேலி ஒன்று போதும். 2020 மே 7 அன்று இரண்டாம் அனல்மின் நிலையத்தின் ஆறாவது அலகில் கொதிகலன் விபத்து. எட்டுப் பேர் தீக்காயமடைந்தார்கள், அவர்களில் ஐவர் பின்னர் இறந்தார்கள். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஜூலை 1 அன்று அதே நிலையத்தின் ஐந்தாவது அலகில் அடுத்தது. அன்றே ஆறு பேர் போனார்கள், அடுத்தடுத்த நாட்களில் மருத்துவமனையில் மேலும் பலர். ஒரே வளாகம், ஒரே நிர்வாகம், பக்கத்துப் பக்கத்து அலகுகள். மே மாதத்துப் பாடம் அடுத்த அலகில் நின்றவர்களுக்கு எவ்வளவு சொல்லப்பட்டது? ஒரு சுவருக்குள்ளேயே இந்தக் கதி என்றால், தெலங்கானாவின் பாசமைலாரத்தில் 2025 ஜூன் 30 அன்று செல்லுலோஸ் தூள் தயாரிக்கும் ஆலையில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்ததன் பாடம், சேலத்துச் சேகோ ஆலைக்கும் ஈரோட்டு மாவு ஆலைக்கும் எப்படி வந்து சேரும்? நைசான தூள் பறக்கும் எந்த ஆலைக்கும் அது அவசரமாகத் தேவைப்படும் பாடம்.

2025 நவம்பர் 21 முதல் தொழிற்சாலைகள் சட்டத்தின் இடத்தில் புதிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. பாதுகாப்பு அலுவலர் நியமிக்க வேண்டிய வரம்பு 1,000 தொழிலாளர் என்பதிலிருந்து 500 ஆகவும், ஆபத்தான தொழில்களில் 250 ஆகவும் இறங்கியிருக்கிறது. அதை வரவேற்கிறோம். ஆனால் 40 பேர், 80 பேர் வேலை செய்யும் பட்டாசு ஆலைக்கும் பிரஸ் ஷாப்புக்கும் இதனால் ஒன்றும் வரப்போவதில்லை. மின்சாரம் கொண்டு இயங்கும் தொழிற்சாலை என்பதற்கான வரம்பு 10 பேரிலிருந்து 20 பேராக உயர்ந்ததால் பல பட்டறைகள் கணக்கிலிருந்தே நழுவுகின்றன. அங்கெல்லாம் போர்மேனும் சூப்பர்வைசரும்தான் பாதுகாப்பு அலுவலர். ஆங்கிலத்தில் 200 பக்க அறிக்கை அவர்களுக்கு உதவாது. என்ன நடந்தது, ஏன் நடந்தது, நம் ஆலையில் நாளைக் காலை எதைப் பார்க்க வேண்டும் என்று படத்தோடு இரண்டு பக்கம், தமிழில் வேண்டும். வடமாநிலத் தொழிலாளர்கள் உள்ள இடத்தில் இந்தியிலும் வங்காளியிலும் அசாமியிலும் வேண்டும். எண்ணூர் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் 2025 செப்டம்பர் 30 அன்று சாரம் சரிந்து இறந்த ஒன்பது பேர் அசாமிலிருந்து வந்தவர்கள்.

எனவே மாநில அரசு உடனடியாகத் திருத்திக்கொள்ள வேண்டும். உயிரிழப்பு நேர்ந்த ஒவ்வொரு தொழிலக விபத்துக்கும் 30 நாளில் முதற்கட்ட அறிக்கை, ஓராண்டுக்குள் இறுதி அறிக்கை, இரண்டும் பொதுவில் என்பதை மாநில விதிகளில் கட்டாயமாக எழுத வேண்டும். ‘உசிதமென்று கருதினால்’ என்ற ஓட்டை அதில் இருக்கவே கூடாது. ஏழு மேசைத் துண்டுகளையும் ஒன்று சேர்க்கும் பொறுப்பை ஒரே அதிகாரியிடம் பெயர் சொல்லி ஒப்படைக்க வேண்டும். அவர் உரிமம் வழங்கும் துறையைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது. தான் கையெழுத்திட்ட உரிமத்தைத் தானே விசாரிப்பவர் ‘உராய்வு’க்கு அப்பால் போக மாட்டார். இ.எஸ்.ஐ.யின் காயக் கணக்கை, பெயரையும் முகவரியையும் நீக்கிவிட்டு, இயந்திர வாரியாகவும் தொழில் வாரியாகவும் காலாண்டுக்கு ஒருமுறை மத்திய அரசு வெளியிட வேண்டும். நூலிழையில் தப்பிய சம்பவத்தைத் தெரிவிக்கும் தொழிலாளிக்கும் பாதுகாப்பு அலுவலருக்கும் வேலை போகாது என்ற உறுதி சட்டத்தில் வேண்டும். இன்றைக்கு அப்படித் தெரிவிப்பவருக்குக் கிடைப்பது ஷோகாஸ் நோட்டீஸ்.

புதிய விதி வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. முதலிப்பட்டி, அச்சங்குளம், சின்னகாமன்பட்டி, நெய்வேலி விபத்துகள் பற்றித் தன்னிடம் உள்ள அறிக்கைகளைத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் இந்த மாதமே தன் இணையதளத்தில் ஏற்றலாம். பெசோ தன்னிடம் உள்ளவற்றை ஏற்றலாம். தொழிலாளர் நலத்துறையின் மானியக் கோரிக்கையில் எத்தனை ஆய்வு, எத்தனை வழக்கு என்று ஆண்டுதோறும் எண்களை வாசிக்கும் அமைச்சர், இந்த முறை எத்தனை விசாரணை அறிக்கைகள் தம் துறையிடம் வெளியிடப்படாமல் இருக்கின்றன, எந்த ஆண்டிலிருந்து இருக்கின்றன, எவர் உத்தரவால் இருக்கின்றன என்ற பட்டியலைப் பேரவையில் வைக்க வேண்டும்.